பேட்ஜைக் காப்பாற்றும் ஒரு வசனம்

நியூ லின் ரயில் நிலையத்தின் மின்படியில் எனக்கு முன்னால் ஒரு பையன் நின்றான். கடும்நீல பிளேசர், கழுத்துப்பட்டி, இடது மார்பில் வரிசையாக நான்கு பேட்ஜ்கள். இப்படியொரு பிள்ளையைப் பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்தபடி கீழே பார்த்தேன். வெறுங்கால். சப்பாத்து இரண்டையும் நாடாவால் முடிந்து தோளில் போட்டிருந்தான். மழைத்தண்ணீர் தேங்கிய தரையில் சளக் சளக்கென்று நடந்து, அப்படியே சுப்பர்மார்க்கெட்டுக்குள் போனான். ஒருவரும் அவனை நிறுத்தவில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் சப்பாத்துக்கு வெள்ளை பூசாமல் வந்தாலே கேற்றடியில் நிறுத்திவைப்பார்கள். நாங்கள் ஒக்லாந்துக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத காலம் அது. இந்த ஊரில் எதற்கு மரியாதை, எதற்கு இல்லை என்று பிடிபடாமல் நான் முழித்துக்கொண்டிருந்தேன். வெறுங்காலோடு பேட்ஜ் குத்தலாம் என்றால் பேட்ஜ் இங்கே ஒரு விளையாட்டுச் சாமான்தான் என்று முடிவுகட்டினேன். முடிவு பிழை. காலைப் பற்றி இவர்கள் கவலைப்படுவதில்லை. பேட்ஜைப் பற்றி நிறையவே கவலைப்படுவார்கள்.

அதை எனக்குப் படிப்பித்தது என் மகள் ஆரணியின் கடைசிப் பள்ளி ஆண்டு. பத்து வயதில் எங்களோடு வந்து இறங்கியவள், பதின்மூன்றாம் ஆண்டுக்கு வந்தபோது அவளுடைய பள்ளிக்கூடம் அவளை ஹானர்ஸ் சொசைட்டியில் சேர்த்துக்கொண்டது. புள்ளிகள் மட்டும் போதாது, பிறருக்குச் செய்த சேவையும் வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் விதி. இரண்டும் உள்ள சிலரை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு வெள்ளிப் பேட்ஜ் குத்துவார்கள். பல்கலைக்கழக உதவித்தொகைக்குப் பள்ளிக்கூடம் சிபாரிசு செய்வதும் அந்தச் சிலருக்குள்தான். பேட்ஜ் வந்த அன்று என் கணவர் ஹென்டர்சனில் வேலை முடிந்த கையோடு, உடம்பெல்லாம் மரத்தூளாக ஓடிவந்து (சமையலறை அலுமாரி செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை), ஆரணியை முன்னால், பக்கவாட்டில், கதவடியில் என்று நிறுத்திப் படம் எடுத்தார். படங்கள் அன்றிரவே யாழ்ப்பாணம், ரொறன்ரோ, பாரிஸ் எல்லாம் சுற்றி வந்தன. பாரிஸிலிருந்து அவருடைய தமக்கை, உது பொலிஸ் வேலையோ என்று கேட்டிருந்தார்.

பேட்ஜ் குத்தியவர்களுக்கு ஒரு கடமை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டபிறகு நூலகத்தில் நடக்கும் ஹோம்வர்க் கிளப்பை அவர்கள்தான் நடத்தவேண்டும். படிப்பில் தடுமாறுகிற சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட இருந்து உதவுவது. நான் ஒனிஹங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, ஆரணியை ஏற்றிக்கொண்டு போக வருகிறபோது கிளப் முடிந்திருக்காது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன். சமோவாப் பிள்ளைகள், டொங்காப் பிள்ளைகள், தலையில் முக்காடு போட்ட ஆப்கான் பிள்ளை ஒன்று, பிலிப்பைன்ஸ் பிள்ளைகள். என் மகள் நடுவில் இருந்து கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்துவாள். நான் ஊரில் ஒரு டியூட்டரியில் இரசாயனவியல் படிப்பித்தவள். தகரக் கொட்டகைக்குள் நூறு பிள்ளைகளை வாங்குகளில் நெருக்கி இருத்தி, தொண்டை கிழியக் கத்தினவள். இங்கே வந்து முதியவர்களின் கட்டிலை விரிக்கிறேன். அது கேவலமில்லை, ஆனால் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறபோது வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். அந்தக் கையாட்டு என்னுடையது.

அங்கே வருகிற பிள்ளைகளில் லோசாவை எனக்குப் பிடிக்கும். பன்னிரண்டாம் ஆண்டு படிக்கிற சமோவாப் பெட்டை, நல்ல உயரம், குரல் மட்டும் எலிக்குஞ்சுக் குரல். உயிரியல் படித்துத் தாதியாக வரவேண்டும் என்பது அவளுடைய ஆசை. விளங்கும், ஆனால் எழுத வராது. ஒருநாள் காரில் வரும்போது ஆரணி கேட்டாள், தான் போன வருடம் எழுதி எக்சலன்ஸ் என்ற அதியுயர் பெறுபேறு எடுத்த உயிரியல் அறிக்கையை லோசாவுக்குப் பார்க்கக் கொடுக்கலாமா என்று. ஆங்கிலத்தில்தான் கேட்டாள். அவளுக்கு நான் தமிழில் கதைப்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டு வழக்கம்.

"இதையும் ஆரும் கேக்கிறதே?" என்றேன். "குடு. பாத்துப் படிக்கட்டும்."

நான் சொன்னது ஒரு விஷயமே இல்லை. எங்கட ஆட்கள் எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் உயர்தரம் எடுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, கடதாசிக்குத் தட்டுப்பாடு, போட்டோக்கொப்பி என்ற சொல்லைக் கேள்விப்பட்டதோடு சரி. முந்திய பிரிவு அக்காமார் சோதனை முடிந்த கையோடு தங்கள் நோட்ஸை அடுத்த பிரிவுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்கியவர்கள் விளக்கு வெளிச்சத்தில் கையால் பார்த்தெழுதுவார்கள். நாங்கள் இடம்பெயர்ந்து ஓடியபோது என்னிடம் இருந்த சேதன இரசாயன நோட்ஸ் யாரோ ஒரு அக்காவினுடையது. அவரை நான் கண்டதே இல்லை. உடுப்பை விட்டுவிட்டு அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். அதைப் படித்துத்தான் பாஸ் பண்ணினேன், பிறகு அதையே வைத்து நூறு பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். நோட்ஸ் கேட்டவளுக்கு இல்லை என்று சொல்கிறவளை நாங்கள் மனிசியாகவே மதிக்கமாட்டோம். படிப்பில் கெட்டிக்காரி என்பதற்கு எங்களிடம் இருந்த பேட்ஜ் அதுதான்: அவளுடைய கொப்பி எத்தனை கைகளில் இருக்கிறது என்பது.

இதில் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் இருந்தது. எங்கள் ஊரில் படிப்பு வேறு, சோதனை வேறு. யாருடைய நோட்ஸைப் படித்தாலும் கடைசியில் மண்டபத்தில் தனியாக இருந்துதான் எழுதவேண்டும். அங்கே ஒருவரும் உதவமுடியாது. ஆகவே படிக்கிறபோது எவ்வளவு கொடுத்தாலும் பிழையில்லை. இங்கே வருடம் முழுக்க வீட்டிலும் வகுப்பிலும் எழுதிக்கொடுக்கிற அறிக்கைகளுக்கே கிரெடிட் தருகிறார்கள். இன்டர்னல் என்று பெயர். படிப்பே சோதனை. என் மகள் கொடுத்தது எங்கள் கணக்கில் நோட்ஸ், இவர்கள் கணக்கில் விடைத்தாள்.

லோசா பார்த்துப் படித்தாள். படித்ததோடு நிற்காமல் இரண்டு பந்திகளை அப்படியே தூக்கித் தன் அறிக்கையில் வைத்துவிட்டாள். பிடிபடாமல் இருக்குமா? பள்ளிக்கூடத்துக் கணினி பிடித்தது. லோசா செய்தது பிழை என்று நானே சொல்லுவேன். எங்கள் டியூட்டரியில் ஒருத்தி அப்படிச் செய்திருந்தால் குட்டியிருப்பேன். ஆரணியும் அவளுக்கு நன்றாக ஏசினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் பள்ளிக்கூடம் லோசாவோடு நிற்கவில்லை. கொடுத்தவள் யார் என்று தேடியது. தேடவும் தேவையில்லை, அந்தப் பந்திகளின் சொந்தக்காரி நூலகத்தில் வெள்ளிப் பேட்ஜோடு இருந்தாள்.

என்னை வரச்சொன்னார்கள். ஆதரவுக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றும் சொன்னார்கள். எங்கள் ஊரில் பொலிஸுக்குப் போகிறபோதுதான் ஆள் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். எனக்கு ஆதரவு வேண்டாம் என்று தனியாகப் போனேன். பதின்மூன்றாம் ஆண்டுக்குப் பொறுப்பான டீன் ஒரு பெண்மணி, மிஸிஸ் ஹேலி. நல்ல மனிசி, அதையும் சொல்லவேண்டும். ஆரணியில் அவருக்கு உண்மையான பட்சம். தேநீர் தந்தார். கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்தார். எனக்குத் தடிமன், மூக்கடைப்பு ஒன்றும் இல்லை என்றேன். அவர் முகம் சிவந்தது. பிறகுதான் விளங்கியது, நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

"ஆரணி, இதைப் பற்றி உனக்கு எப்படி இருக்கிறது?" என்று மகளைக் கேட்டார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் என்றால் முதலில் ஏசி முடித்துவிட்டு, பிறகு தகப்பனைக் கூட்டிவா என்பார். எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இங்கே குரல் உயராமல், சிரித்த முகத்தோடு, பஞ்சில் வைத்துக் கத்தியைக் காட்டுகிறார்கள். விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. இன்டர்னல் ஒன்றை இன்னொருவருக்குக் கொடுப்பது பெரிய மீறல். ஹானர்ஸ் சொசைட்டிக் குழு கூடி முடிவெடுக்கும். பேட்ஜ் போகலாம், சிபாரிசும் அதோடு போகலாம். ஆனால்... மிஸிஸ் ஹேலி அந்த இடத்தில் முன்னால் சாய்ந்தார். தன்னுடைய அறிக்கையை லோசா தனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டாள் என்று ஆரணி சொன்னால், குழு இதை வேறுவிதமாகப் பார்க்கும். கிளப்பில் கணினியைத் திறந்து வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கலாம், அப்படி நடப்பது சகஜம்தானே என்று சொல்லும் முறையையும் அவரே எடுத்துக்கொடுத்தார்.

அப்படிச் சொன்னால் லோசாவுக்கு என்னவாகும் என்று ஆரணி கேட்டாள். அது இன்னொரு மாணவியின் விஷயம், அதைப் பற்றி இங்கே கதைக்கமுடியாது என்றார் மிஸிஸ் ஹேலி. கதைக்கத் தேவையில்லை. கேட்டு வாங்கியவள் என்றால் திருத்தி எழுத இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்கும். களவெடுத்தவள் என்றால் அவளுடைய பெயரோடு அது ஒட்டிக்கொண்டு தாதிப்பயிற்சி வாசல்வரை போகும். அங்கே இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும்.

நான் இடையில் புகுந்தேன். "நான்தான் கொடுக்கச் சொன்னேன்" என்றேன். "எங்கள் நாட்டில் படித்ததைக் கொடுப்பதுதான் முறை. நான் டீச்சர். நான் சொல்லித்தான் அவள் கொடுத்தாள்."

பழியை என் தலையில் போடுங்கள் என்ற கருத்தில்தான் சொன்னேன். மிஸிஸ் ஹேலியின் முகம் பளிச்சென்றது. பேனாவை எடுத்தார். "அப்படியென்றால் வீட்டில் ஆரணிக்கு அழுத்தம் இருந்ததா? கலாசார ரீதியான எதிர்பார்ப்பு? அதையும் குழு கருத்தில் எடுக்கும்." எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? நான் பெருமையாக வைத்த ஒன்றை அவர் வியாதியாக எழுதிக்கொண்டிருந்தார். தாய் கொடுமைக்காரி, மகள் பாவம், லோசா கள்ளி: மூன்று பேரில் யாரையாவது ஒருத்தியை விற்றால் பேட்ஜ் மிஞ்சும். திங்கட்கிழமை பதில் சொல்கிறோம் என்று எழும்பி வந்துவிட்டேன். தேநீரில் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை.

வீட்டில் என் கணவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓடி ஓடிக் களைத்தவர், அவ்வளவுதான்.

"ஒரு வசனம்" என்றார். "எனக்குத் தெரியாமல் எடுத்திட்டாள் எண்டு ஒரே ஒரு வசனம். நீர் ஏன் உதைப் பெருசாக்கிறீர்?"

"பொய் வசனம்."

"அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு. கிரெடிட்டை எப்பிடியும் எடுத்துப்போடுவாள். இவளுக்கு உது போனாப் போனதுதான். இஞ்ச எங்களுக்கு ஆர் இருக்கினம்? ஒரு மாமன் இருக்கிறானோ சிபாரிசு பண்ண? அந்தப் பேட்ஜ்தான் இவளுக்கு மாமன்."

 அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. அடிபட்டு வந்தவர்களுக்கு நேர்மை ஒரு ஆடம்பரச் சாமான் மாதிரித்தான் தெரியும். ஆனால் எனக்கு நினைவு வந்தது அந்தச் சைக்கிள் கரியர். பின்னால் ஷெல் விழுந்துகொண்டிருந்தபோதும் அந்த நோட்ஸை ஏன் கட்டிக்கொண்டு போனேன்? அதை எழுதிய அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. அப்படி ஒருவர் கொடுத்ததில் தின்று வளர்ந்த நான், என் பிள்ளையை வாங்கியவளைக் கள்ளி என்று சொல்லவைத்தால், அதற்குப் பிறகு என்ன முகத்தோடு அவளுக்குப் படி என்று சொல்வேன்?

"அவளே சொல்லட்டும், இஞ்சருங்கோ" என்றேன். "அவளின்ர பேட்ஜ், அவளின்ர வாய். நாங்கள் ரெண்டுபேரும் வாயைப் பொத்துவம்." நான் வாயைப் பொத்தவில்லை என்பது வேறு கதை. அன்று முழுக்கச் சட்டி பானையோடு சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் வாசலை நிறைத்துக்கொண்டு ஒரு பெண், தேவாலயத்துக்குப் போகிற வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை. பின்னால் லோசா தலையைக் குனிந்தபடி. சண்டைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என் மகள் கொடுத்ததால்தானே இவ்வளவும் என்று கேட்கப்போகிறார் என்று மனதுக்குள் ஆங்கிலத்தில் பதிலை அடுக்கினேன். லோசாவின் தாய் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தார். எங்கள் வீட்டில் கழற்றவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. உள்ளே வந்தார், நான் காட்டிய சோபாவில் இருக்காமல் என் கால்மாட்டில் கார்ப்பெட்டில் இருந்துவிட்டார். அவருடைய பருமனுக்கு அது இலேசான வேலை இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் சோபாவில் இருப்பது சரியில்லை என்று பட்டது. நானும் கீழே இறங்கி இருந்தேன்.

"என் மகள் உங்கள் மகளை வெட்கப்படுத்திவிட்டாள்" என்றார். "எங்கள் குடும்பம் வந்திருக்கிறது." அவ்வளவுதான் சொன்னார். பிழை செய்தவரின் குடும்பமே வந்து நிலத்தில் இருந்து மன்னிப்புக் கேட்பது சமோவா முறை என்று பிறகு ஆரணி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் லோசாவை என்ன செய்யப்போகிறார்கள் என்று ஒரு சொல் கேட்கவில்லை, ஆரணி இப்படிச் சொல்லவேண்டும் என்று ஒரு சொல் கேட்கவில்லை. கொண்டுவந்த பெரிய தட்டத்தின் மூடியைத் திறந்தார். கோழி போட்ட நூடில்ஸ், ஆவி பறந்தது. எனக்குச் சிறு வயதிலிருந்து வெள்ளிக்கிழமை விரதம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இன்றைக்குச் சைவம் என்று சொல்லலாம், அவர் கோபிக்கமாட்டார், மூடி வைத்துவிட்டு நாளைக்குச் சாப்பிடலாம். ஆனால் இப்போது நான் சாப்பிடாவிட்டால் அந்த மனிசி என் கார்ப்பெட்டிலிருந்து எழும்பமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. சாப்பிட்டேன். பிள்ளையாரோடு நான் பிறகு கதைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் தேநீரும் கைக்குட்டையும் தந்தவர்களால் என்னிடம் வாங்கமுடியாத மனதை இந்தப் பெண் நிலத்தில் இருந்தபடியே வாங்கிக்கொண்டு போனார். என் கணவர் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு அந்த ஒரு வசனத்தைப் பற்றி அவர் கதைக்கவே இல்லை.

திங்கட்கிழமை மிஸிஸ் ஹேலியின் அறையில் ஆரணி நிமிர்ந்து இருந்தாள். கேள்வி முடிவதற்கு முன்பே சொன்னாள்.

"நான்தான் கொடுத்தேன். அவள் கேட்டாள், நான் கொடுத்தேன். அவள் களவெடுக்கவில்லை."

யோசித்துத்தான் சொல்கிறாயா, வீட்டில் யாராவது இப்படிச் சொல்லச் சொன்னார்களா என்று மிஸிஸ் ஹேலி என்னை ஒரு கண்ணால் பார்த்தபடி கேட்டார்.

"அம்மா நிறையச் சொல்லுவா" என்றாள் என் மகள். "அதிலை அரைவாசியை நான் கேக்கிறேல்லை. இது அந்த அரைவாசிக்குள்ள இல்லை."

இதை அவள் தமிழில் சொன்னாள். மிஸிஸ் ஹேலி என்னைப் பார்த்தார், என்ன சொல்கிறாள் என்று கேட்பதுபோல. நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் கண் கலங்கியது உண்மை, ஆனால் அந்தக் கைக்குட்டைப் பெட்டியைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். பேட்ஜைக் கழற்றி மேசையில் வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குழு கூடியபிறகு சொல்வோம் என்றார்கள். ஆரணி தானே கழற்றி வைத்தாள்.

வெளியே வரும்போது நடைபாதைச் சுவரில் பள்ளிக்கூடத்தின் விழுமியங்களைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். முதலாவது மனாக்கிடங்கா, வந்தவரை வரவேற்றுத் தன்னிடம் உள்ளதைக் கொடுத்துப் பேணுதல் என்று பொருள் தரும் மாவோரிச் சொல். எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட வந்த மிஸிஸ் ஹேலிக்கு அதைக் காட்டினேன். "இதைத்தானே என் மகள் செய்தாள்?" என்று கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். அது வேறு சூழலில் பாவிக்கிற சொல் என்றார். அவர் என்னைக் கிண்டல் பண்ணவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினார். எனக்கு அப்போதுதான் கோபம் முழுதாக வந்தது. மண்ணின் சொந்தக்காரரிடமிருந்து ஒரு சொல்லை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, அதன்படி நடந்த பிள்ளையைத் தண்டிப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்? உதவி செய்ததற்கு ஒரு பேட்ஜைத் தந்து, உதவி கொஞ்சம் கூடிப்போயிற்று என்று திரும்ப வாங்கப் பார்த்தார்கள். அளவாகக் கொடு, கை நீளாமல் கொடு, உன்னுடைய மேல்படியில் நின்றபடி கொடு என்பதுதான் அவர்களுடைய சேவை. விதி விதிதான், அதை நான் மறுக்கவில்லை. அந்த விதிக்குத் தப்ப ஒரு பொய்யை அவர்களே தட்டில் வைத்து நீட்டியதைத்தான் நான் மன்னிக்கமாட்டேன்.

பேட்ஜ் போனது. சிபாரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது. லோசாவுக்குத் திருத்தி எழுதச் சந்தர்ப்பம் கொடுத்தார்கள், எழுதிப் பாஸ் பண்ணினாள். ஹோம்வர்க் கிளப்பில் இனிமேல் ஆசிரியர் பார்த்து அனுமதித்த தாள்களை மட்டுமே பாவிக்கலாம் என்று ஒரு விதி வந்தது. கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, உங்க பொண்ணு ஏதோ காப்பி அடிச்சு மாட்டிக்கிச்சாமே, பாவம்" என்றார். பக்கத்தில் நின்ற மலேசியக்காரி, "இல்லலா, கொடுத்துதான் மாட்டிக்கிட்டா" என்று திருத்தினார். இரண்டு பேருக்கும் நன்றி சொன்னேன். கொடுத்துத்தான், கொடுத்துத்தான் என்று இன்னொருமுறை சத்தமாகச் சொன்னேன், தேங்காய் உடைக்கிற இடத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

பிறகு நடந்தது ஒருவரும் திட்டமிட்டதில்லை. ஒரு சனிக்கிழமை லோசா கையில் புத்தகங்களோடு வந்தாள். அடுத்த சனி தன் தம்பியையும் அந்த ஆப்கான் பிள்ளையையும் கூட்டிவந்தாள். வீட்டுக்குள் இடம் போதவில்லை, கராஜிலிருந்து காரை வெளியே எடுத்து விட்டோம். என் கணவர் பட்டறையில் எறிகிற பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து வாங்கு அடித்தார். தகரக் கூரையில் மழை பெய்தால் நான் கத்தித்தான் படிப்பிக்கவேண்டும். எத்தனை வருடங்களுக்குப் பிறகு அப்படிக் கத்துகிறேன். ஆரணி கடன் எடுத்துப் பல்கலைக்கழகம் போகிறாள், மற்ற நேரங்களில் நியூ லின் மாலில் சப்பாத்துக்கடையில் வேலை. சனிக்கிழமை பின்னேரம் மட்டும் கராஜில் எனக்குப் பக்கத்தில் நிற்பாள். அந்தப் பிள்ளைகள் அவளை அக்கா என்கிறார்கள், என்னையும் அக்கா என்கிறார்கள். நான் திருத்தவில்லை. இன்டர்னலுக்கு ஒருவரும் எதையும் கொடுப்பதில்லை, அந்த விதி எங்கள் மனதில் நன்றாகவே பதிந்துவிட்டது. ஆனால் நோட்ஸ் போகிறது. கையால் எழுதி, கைமாறி, அடுத்த வகுப்புக்கு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை என்னோடு ஒன்றாகப் படித்த வாசுகி யாழ்ப்பாணத்திலிருந்து வைபரில் வீடியோ அழைப்பு எடுத்தாள். அவள் அங்கே பௌதிகவியல் ஆசிரியை. நான் நடந்த கதையெல்லாம் சொல்லி, எங்கட முறை இந்த வெள்ளைகளுக்கு விளங்கவில்லை பார் என்று கொதித்தேன். 

"எந்த எங்கட முறை?" என்றாள். "நீ எப்ப இஞ்ச வந்தனி கடைசியா? இப்ப ஆர் நோட்ஸ் குடுக்கினம்? டியூட்டரிக்காரர் அச்சடிச்சுப் பேர் போட்டு விக்கினம். என்ர மகன் தன்ர கொப்பியை மெத்தைக்குக் கீழ வைச்சுட்டுப் படுக்கிறான், கூட்டாளிமார் கண்டிடுவினம் எண்டு. மாவட்ட ராங்குக்குப் போட்டி எல்லே."

 மிஸிஸ் ஹேலியின் முகத்துக்கு நேரே எங்கள் நாட்டில், எங்கள் நாட்டில் என்று நான் விரல் நீட்டிய நாடு மெத்தைக்குக் கீழே கொப்பியை ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் நான் சொன்னது உண்மையாக இருக்கும் இடம் அங்கே இல்லை. போனைத் திருப்பிக் கராஜைக் காட்டினேன். மழை பெய்துகொண்டிருந்தது. லோசாவின் தம்பி வாங்கில் கால்களை மடித்து இருந்து எதையோ பார்த்தெழுதினான். அந்த ஆப்கான் பிள்ளை, அவன் கேட்காமலே, தன்னுடைய கொப்பியை அவன் பக்கம் தள்ளிவிட்டுத் தேநீருக்கு எழும்பினாள்.

"ஆர் உந்தப் பிள்ளையள்?" என்று கேட்டாள் வாசுகி.

"எங்கட பிள்ளையள்."

"ஒண்டையும் எங்கட பிள்ளை மாதிரிக் காணேல்லையே."

"நீ தேடிற யாழ்ப்பாணம் அங்க இல்லையெண்டா இஞ்ச வந்து பார்" என்றேன். "எங்கட கராஜுக்குள்ள இருக்குது." அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் எங்கட கராஜ் என்று சொன்ன வாயோடு இன்னொன்று நினைவுக்கு வந்தது. வீடு எங்களுடையது இல்லை, வாடகை வீடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்ட் வந்து மூலைமுடுக்கெல்லாம் பார்ப்பார். கராஜில் வகுப்பு நடத்துவது ஒப்பந்தத்தில் இல்லை. அவர் வருகிறபோதெல்லாம் வாங்குகளைச் சுவரோடு அடுக்கி, மேலே போர்வையைப் போட்டு, காரை உள்ளே விட்டு, ஒன்றும் நடக்காத ஒரு வீடாக இதை மாற்றிவைப்போம். வருகிற புதன்கிழமை அவர் வருகிறார். இந்த முறை வேண்டுமென்றே போர்வையைத் தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டேன், இந்த மழைக்கு அது புதனுக்குள் காயாது. வாங்குகள் இருக்கிற இடத்திலேயே இருக்கும். இது என்ன இடம் என்று அவர் கேட்டால் சொல்வதற்கு எனக்கு ஆங்கிலத்திலும் சொல் இல்லை, தமிழிலும் இல்லை. வந்து பார்த்து அவரே ஒரு பெயர் வைக்கட்டும்.